யார்க் நகரத்தில் ஒரு நாள்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்கு விடுவது

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, லண்டனை ஒரு சுற்றுப் பார்த்து முடித்துவிட்டு அடுத்து எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் யார்க். பேராலயம் (யார்க் மின்ஸ்டர்), கோட்டை மதில், பழைய தெருக்கள், கடைவீதி, ஆறு எல்லாமே நடந்து சுற்றும் தூரத்துக்குள் இருக்கின்றன, உள்ளே பஸ்ஸே தேவைப்படாது. ஆனால் சின்ன ஊர்தானே என்கிற நினைப்பில்தான் பலரும் சொதப்புகிறார்கள். பதினொரு மணிக்கு மேல் வந்து இறங்கி, ஷாம்பிள்ஸ் தெருக் கூட்டத்தில் நசுங்கி, கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, நாலு மணிக்குப் பேராலய வாசலுக்கு வந்து நின்றால் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவதை நிறுத்தியிருப்பார்கள். சரி, கடைக்காவது போவோம் என்று திரும்பினால் ஐந்து, ஐந்தரைக்கு அவையும் மூட ஆரம்பித்துவிடும். நம்மூர் கடைவீதி மாதிரி இரவு ஒன்பது வரை ஜேஜே என்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆகவே யார்க்கைப் பொறுத்தவரை என்னென்ன பார்ப்பது என்பதைவிட எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

ஊரைப் பற்றி ரொம்பச் சுருக்கமாக. ரோமானியர்கள் கி.பி. 71 வாக்கில் இங்கே படைமுகாம் போட்டார்கள், 306-ல் கான்ஸ்டன்டைன் பேரரசராக அறிவிக்கப்பட்டது இந்த ஊரில்தான் (பேராலயத்தின் தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் அவருடைய வெண்கலச் சிலை சாய்ந்து உட்கார்ந்திருக்கும், பார்க்காமல் போகமாட்டீர்கள்). 866-ல் வைக்கிங்குகள் (ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) பிடித்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் கான்டர்பரிக்கு அடுத்த பேராயரின் ஊர். பின்னால் ரயில், சாக்லேட். இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை ஊரே சொல்லும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றை எடுங்கள். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். வடக்கு இங்கிலாந்தில் கல்யாணம் ஆகப்போகும் பெண்ணும் மாப்பிள்ளையும் அவரவர் நண்பர் கூட்டத்தோடு குடித்துக் கொண்டாட வருகிற ஊர்களில் இதுவும் ஒன்று, மதியம் இரண்டு மணிக்கே தெருவில் பாட்டுக் கச்சேரி ஆரம்பித்துவிடும், ரயிலிலும் உட்கார இடம் கிடைக்காது. ஊருக்குத் தெற்கே நேவ்ஸ்மையரில் குதிரைப் பந்தயம் நடக்கிற நாட்களும் இப்படித்தான், அதிலும் ஆகஸ்ட் மாத ஈபர் பந்தய வாரத்தில் ஹோட்டல் வாடகை எகிறிவிடும். நவம்பர் பாதியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை பார்லிமென்ட் ஸ்ட்ரீட்டில் மரக்குடில் கடைகள் போடுவார்கள். பார்க்க அழகுதான், ஆனால் வார இறுதியில் அங்கே நடப்பது கிடையாது, கூட்டம் தள்ளுகிற பக்கம் போவதுதான்.

ஞாயிறு மட்டும்தான் லீவு என்றால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காலையில் பேராலயத்தில் வழிபாடு நடக்கும், சுற்றிப் பார்ப்பவர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். பெரிய கடைகள் இங்கிலாந்துச் சட்டப்படி ஞாயிறன்று 6 மணி நேரம்தான் திறந்திருக்கலாம், பெரும்பாலும் 11 முதல் 5 வரை. அன்றைக்கு மதிலையும் தெருக்களையும் காலையில் முடித்துவிட்டுப் பேராலயத்தை மதியத்துக்கு வையுங்கள்.

எனக்குப் பிடித்தது மார்ச் கடைசி, ஏப்ரல். மதிலடி மண்மேடு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூக்கள் நிற்கும், கூட்டமும் இன்னும் சேர்ந்திருக்காது.

டிக்கெட்

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நேரடி ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். லீட்ஸிலிருந்து அரை மணி நேரத்துக்குள். அன்றன்றைக்கு எடுக்கும் டிக்கெட்டுக்கும் சில வாரம் முன்னால் எடுக்கும் அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். அட்வான்ஸ் டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும், தவறவிட்டால் புதிதாக எடுக்க வேண்டியதுதான், அதனால் திரும்பி வரும் ரயிலை மாலை 7 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ரயில்கார்டு இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள், டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 16-25 ரயில்கார்டு என்று பெயர் இருந்தாலும் முழுநேரப் படிப்பில் இருந்தால் 26 வயதுக்கு மேற்பட்டவர்களும் அதை வாங்கலாம், இது நிறைய எம்.எஸ்ஸி. மாணவர்களுக்குத் தெரிவதில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிக் கார்டு இருக்கிறது, அவர்கள் இந்த நாட்டில் குடியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

காரில் வருகிறவர்கள் தயவுசெய்து ஊருக்குள் ஓட்டி வராதீர்கள். நடுத்தெருக்கள் பகலில் நடப்பவர்களுக்கு மட்டும்தான், பார்க்கிங் கட்டணமும் கையைக் கடிக்கும். ஊர் எல்லையில் ஆறு இடத்தில் பார்க் அண்ட் ரைடு இருக்கிறது, காரை இலவசமாக நிறுத்திவிட்டு பஸ்ஸுக்கு மட்டும் காசு கொடுத்து உள்ளே வரலாம்.

பேராலய டிக்கெட்டை முந்தின நாளே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு 20 பவுண்டை ஒட்டி வரும், கூட வரும் பிள்ளைகளுக்கு இலவசம், யார்க்கிலேயே குடியிருப்பவர்கள் முகவரிச் சான்று காட்டினால் அவர்களுக்கும் இலவசம். ஒரு தேவாலயத்துக்கு இவ்வளவா என்று தோன்றும்தான். ஆனால் இந்த ஊரில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன், மிச்சத்தில் பாதி இலவசமாகவே கிடைக்கிறது.

கால் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய தெருக்களில் எல்லாம் உருட்டுக்கல் பாவியிருக்கும், மழை பெய்தால் வழுக்கும். அம்மா புடவைக்குப் பொருத்தமாகச் செருப்புதான் போடுவேன் என்று சொன்னால் ஷூவைப் பையில் எடுத்து வையுங்கள், பத்து நிமிஷத்தில் அவரே கேட்பார். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்து வருவதும் வேண்டாம்.

காலை ஒன்பதுக்குள் ஷாம்பிள்ஸ்

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே மதில் தெரியும். இடதுபக்கமாக நடந்து லெண்டல் பாலத்தைத் தாண்டினால் ஊர். அங்கிருந்து ஸ்டோன்கேட் வழியாகப் போனால் ஷாம்பிள்ஸ் வந்துவிடும், மொத்தம் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. போகும்போது ஸ்டோன்கேட்டில் தலையைத் தூக்கிப் பாருங்கள், ஒரு கடை முகப்பின் உச்சியில் இடுப்பில் சங்கிலியோடு சிவப்பு நிறத்தில் ஒரு குட்டிச் சாத்தான் உட்கார்ந்திருக்கும். அச்சுக்கூடம் இருந்த இடம் என்பதற்கான அடையாளம் அது.

ஷாம்பிள்ஸ் கசாப்புக்காரர்களின் தெரு. மரச்சட்டம் போட்ட வீடுகள் மேலே போகப் போகத் தெருவின் மேல் சாய்ந்து வரும், சில இடத்தில் எதிர் வீட்டுக்காரரோடு கைகுலுக்கிவிடலாம் போல இருக்கும். ஒன்பது மணிக்குள் போனால் கடைகள் திறந்திருக்காது, அதுதான் வசதி. கடை ஜன்னலுக்குக் கீழே அகலமான மரப்பலகை நீட்டிக்கொண்டிருக்கும், இறைச்சியைப் பரப்பி வைத்த இடம். அதற்கு மேலே இரும்புக் கொக்கிகளை இன்னும் விட்டு வைத்திருக்கிறார்கள், ஆட்டுத்தொடையைத் தொங்கவிட்டவை. நடுத்தெரு லேசாகக் குழிந்து ஓடும், ரத்தத்தையும் கழிவையும் கழுவிவிட. பத்தரைக்கு மேல் போனால் இதையெல்லாம் பார்க்க முடியாது, மந்திரக்கோல் விற்கும் ஹாரி பாட்டர் கடை வாசலில் நிற்கும் வரிசை மட்டும்தான் தெரியும்.

அதே தெருவில் மார்கரெட் கிளித்தரோ நினைவாக ஒரு சின்ன ஜெப அறை இருக்கிறது. கசாப்புக்காரரின் மனைவி. கத்தோலிக்கப் பாதிரியார்களை வீட்டில் ஒளித்து வைத்தார் என்று 1586-ல் அவர்மேல் பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள், 1970-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். திறந்திருந்தால் ஐந்து நிமிஷம் உள்ளே உட்காரலாம், வெளியே இருக்கிற சத்தம் எதுவும் உள்ளே வராது.

அங்கிருந்து குட்ராம்கேட் வழியே மங்க் பார். (இந்த ஊரில் பார் என்று போட்டிருந்தால் கோட்டை வாசல், குடிக்கும் இடம் என்று நினைத்துக் குழம்பவேண்டாம்.) உள்ளே படியேறி மதில்மேல் போய் பூத்தம் பார் வரை நடந்து இறங்குங்கள். மதில் மொத்தம் சுமார் 3.4 கிலோமீட்டர், முழுக்கச் சுற்ற இரண்டு மணி நேரம் வேண்டும், ஆனால் நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு இந்த இருபது நிமிஷத் துண்டுதான் பொக்கிஷம். இடதுபக்கம் பேராலயம் முழு நீளத்துக்கும் உங்கள் கூடவே வரும், கீழே வீடுகளின் பின்தோட்டங்கள். காசு கிடையாது. சில இடங்களில் ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லை, ஓடும் வயதுப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பனி உறைந்த நாளில் பூட்டிவிடுவார்கள், அப்படியானால் நேரே பேராலயம்.

பேராலயம்

யார்க் மின்ஸ்டர் என்றுதான் பலகையில் இருக்கும், தேடும்போது கதீட்ரல் என்று தேட வேண்டாம். திறக்கிற நேரம் வார நாளில் ஒன்பதரை வாக்கில். அப்போதே உள்ளே போய்விட்டால் முதல் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட உங்களுக்கே உங்களுக்கு. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்போது நிற்கிற கட்டடத்தை 1220 வாக்கில் ஆரம்பித்து 1472-ல் முடித்தார்கள், இரண்டரை நூற்றாண்டு. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மனதில் நிற்காது. நான்கு இடத்தில் நின்று பாருங்கள்.

முதலில் வடக்குக் கை (சிலுவை வடிவக் கட்டடத்தின் குறுக்குப் பகுதி). ஐந்து சகோதரிகள் என்று ஒரு ஜன்னல், ஐந்து நெட்டையான கண்ணாடிப் பட்டைகள், 1260-ஐ ஒட்டியவை. வண்ணமே இல்லாத மாதிரி சாம்பலும் பச்சையும் கலந்து மங்கலாக இருக்கும், பலர் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுக் கண்ணாடி அது, மேகம் விலகும்போது கோடுகளும் வட்டங்களும் ஒவ்வொன்றாக வெளியே வரும். முதல் உலகப்போரில் இறந்த பெண்களுக்கான நினைவிடமும் இந்த ஜன்னல்தான், பக்கத்தில் மரத்தடுப்பில் அவர்கள் பெயர்கள் எழுதியிருக்கும்.

பக்கத்திலேயே எட்டுக்கோண மண்டபம். நடுவில் தூண் இல்லாமல் கூரை நிற்கிறது. அதை அண்ணாந்து பார்த்து முடித்ததும், சுவரைச் சுற்றியிருக்கும் இருக்கைகளுக்கு மேலே சின்னச் சின்னக் கல் தலைகளைப் பாருங்கள். பல்லைக் காட்டுகிறவன், நாக்கை நீட்டுகிறவன், முகத்தைச் சுளிக்கிறவன், விலங்குகள். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய சிற்பிக்கு யாரோ மேஸ்திரிமேல் கோபம் இருந்திருக்கும் என்று தோன்றும். பிள்ளைகளோடு போனால் இங்கேயே அரை மணி நேரம் ஓடிவிடும்.

மூன்றாவது, கிழக்குக் கோடியில் பெரிய ஜன்னல். ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்குக் கண்ணாடி. கோவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் 1405-ல் ஒப்பந்தம் போட்டு மூன்றே வருஷத்தில் முடித்தார், கூலி 56 பவுண்டு. இன்றைக்கு மூன்று பெரியவர்கள் உள்ளே வரும் டிக்கெட் காசு ஏறக்குறைய அவ்வளவு ஆகிவிடும்! உலகம் படைக்கப்பட்டதும் முடியப்போவதும்தான் கதை, ஆதியாகமத்தில் ஆரம்பித்து வெளிப்படுத்தின விசேஷம் வரை. பைபிள் படித்தவர்களுக்கு ஏழு தலை மிருகம் எங்கே என்று தேடும் வேலை இருக்கிறது. வெறும் கண்ணுக்கு மேல் வரிசை தெரியாது, சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப்போங்கள், இல்லாவிட்டால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நான்காவது, தெற்குக் கை. 1984 ஜூலையில் தீப்பிடித்து இந்தப் பக்கத்துக் கூரை மொத்தமும் எரிந்து விழுந்தது. மேலே இருக்கும் ரோஜா ஜன்னல் வெப்பத்தில் ஆயிரக்கணக்கான இடத்தில் விரிசல் விட்டும் விழாமல் நின்றது. கூரையை மறுபடி கட்டியபோது அதன் மரக்குமிழ்ச் சிற்பங்களில் சிலவற்றுக்கு ஒரு டிவி நிகழ்ச்சி மூலமாகக் குழந்தைகளிடம் படம் வரையச் சொன்னார்கள், ஆகவே தலைக்கு மேலே தங்க முலாம் பூசி நிலவில் கால் வைத்த மனிதனும் திமிங்கலமும் இருக்கிறார்கள்.

கோபுரம் ஏற 275 படி, அதற்குத் தனிக் கட்டணம், 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடமாட்டார்கள். குறுகிய சுழல்படி, பாதியில் மூச்சு வாங்கினால் ஒதுங்கி நிற்க இடம் கம்மி. முழங்கால் வலிக்காரர்களும் இடம் குறுகினால் படபடப்பு வருகிறவர்களும் விட்டுவிடலாம். நிலவறையில் ரோமானிய முகாமின் மிச்சம் இருக்கிறது, டிக்கெட்டில் அதுவும் சேர்த்திதான். வெளியே வந்ததும் வடக்குப் பக்கம் டீன்ஸ் பார்க் என்று புல்வெளி, கால் நீட்டி உட்கார நல்ல இடம்.

சாப்பாடு

ஷாம்பிள்ஸுக்குப் பின்னால் தினமும் நடக்கும் சந்தையில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, நாடு நாடாகச் சாப்பாடு, சைவமும் கிடைக்கும், குறைந்த செலவு அதுதான். யார்க்‌ஷயர் புட்டிங் என்கிற இனிப்பில்லாத சுட்ட மாவுப் பண்டத்தைச் சப்பாத்தி மாதிரி தட்டி உள்ளே இறைச்சி வைத்துச் சுருட்டிக் கொடுப்பார்கள், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். புட்டிங் மாவிலேயே முட்டை உண்டு.

செயின்ட் ஹெலன்ஸ் சதுக்கத்தில் பெட்டிஸ் டீக்கடை. கடை என்று நான்தான் சொல்கிறேன், உள்ளே வெள்ளித் தேநீர்க் கெண்டியும் வெள்ளைக் கழுத்துப்பட்டை போட்ட பணியாளர்களுமாக இருக்கும், ஸ்விட்சர்லாந்துக்காரர் ஒருவர் 1919-ல் ஹாரோகேட்டில் ஆரம்பித்தது, யார்க் கிளை 1930-களில் வந்தது. மதியம் வாசலில் வரிசை வளைந்து போகும், ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். எனக்கு அது வீண். பக்கத்திலேயே அவர்களுடைய பலகாரக் கடை இருக்கிறது, அங்கே ஃபேட் ராஸ்கல் என்கிற, பாதாமும் செர்ரியும் வைத்து முகம் செய்த தடியான பன் ஒன்றை வாங்கிக்கொண்டு மியூசியம் கார்டன்ஸுக்குப் போய், இடிந்துபோன செயின்ட் மேரிஸ் மடத்துச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கடைவீதி

ஒன்றரை, இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும், போதும். முதலில் தெளிவாக ஒன்று: லண்டனிலோ லீட்ஸிலோ இருக்கிற அதே பிராண்டுக் கடைகள் கோனி ஸ்ட்ரீட்டிலும் பார்லிமென்ட் ஸ்ட்ரீட்டிலும் இருக்கின்றன, அதற்காக யார்க் வரவேண்டியதில்லை. மலிவு விலை பிராண்டுத் துணிதான் வேண்டும் என்றால் ஊருக்குத் தெற்கே டிசைனர் அவுட்லெட் இருக்கிறது, பார்க் அண்ட் ரைடு பஸ் நேராகப் போகும், ஆனால் அதை இதே நாளில் சொருகாதீர்கள், அரை நாளை விழுங்கிவிடும்.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்லும் தெரு குட்ராம்கேட். வரிசையாகத் தொண்டு நிறுவனங்களின் பழைய பொருள் கடைகள். நல்ல கம்பளிக் கோட்டு புதிதாக வாங்கினால் நூறு பவுண்டுக்கு மேல் ஆகும், இங்கே அதில் சிறு பங்குக்குக் கிடைக்கும். தோள் தையலையும் அக்குளையும் உள் துணியையும் பார்த்து, ஜிப்பை இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்து வாங்குங்கள். முதல் குளிர்காலத்துக்கு இது போதும், அடுத்த வருஷம் சம்பளம் பார்த்துப் புதிது வாங்கிக்கொள்ளலாம். அங்கேயே ஹோலி டிரினிட்டி என்று ஒரு சின்னத் தேவாலயம் ஒரு வளைவுக்குள் மறைந்திருக்கும், கதவு வைத்த பெட்டி பெட்டியான பழைய மர இருக்கைகள், தரை சாய்ந்து எல்லாமே குடித்த மாதிரி நிற்கும். இலவசம்.

பழைய புத்தகப் பிரியர்களுக்கு மிக்கிள்கேட், ஃபாஸ்கேட், பேராலய வாசலுக்கு எதிரில் மின்ஸ்டர் கேட்ஸ். ஃபாஸ்கேட்டில் தனிக் கடைகளும் சின்ன உணவகங்களும் அதிகம், கூட்டம் பாதிதான் இருக்கும்.

ஊருக்கு அனுப்ப என்றால் சாக்லேட்தான். கிட்கேட் பிறந்த ஊர் இது, 1935-ல் ரவுன்ட்ரீ கம்பெனி வேறு பெயரில் கொண்டுவந்தது. டெர்ரீஸ் ஆரஞ்சு சாக்லேட்டும் இந்த ஊர் சரக்காக இருந்ததுதான், அந்தத் தொழிற்சாலை 2005-ல் மூடிவிட்டது. ஆனால் இவற்றை நினைவுப்பொருள் கடையில் வாங்காதீர்கள், அதே பாக்கெட் சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலைக்கு இருக்கும். கையால் செய்கிற சின்னக் கடைகளில் ரகம் பார்த்து நூறு கிராம் வாங்கினால் அதில் அர்த்தம் உண்டு. ஷாம்பிள்ஸில் கையளவு பேய் பொம்மை விற்கிறார்கள், அதற்கும் பெரிய வரிசை நிற்கிறது. எனக்கு அந்த மோகம் பிடிபடவில்லை, உங்கள் பாடு.

விலை பேசுவது இங்கே இல்லை. பழம்பொருள் கடையில் மட்டும் இரண்டு மூன்று சாமான் சேர்த்து எடுக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டுப் பார்க்கலாம். இன்னொன்று, ஊரிலிருந்து வந்த பெற்றோர் வரியைத் திரும்ப வாங்கலாமாமே என்று கேட்பார்கள். 2021 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்துக் கடையில் வாங்கிக் கையில் கொண்டு போகும் பொருளுக்கு அந்த வசதி கிடையாது. போட்டிருக்கும் விலைதான் விலை. ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள், அளவு சேராவிட்டால் பல கடைகளில் வேறு ஊர்க் கிளையிலும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

ஐந்தரைக்கு மறுபடி பேராலயம்

ரயிலை ஏழு மணிக்கு மேல் வைக்கச் சொன்னது இதற்குத்தான். கடை மூடும் நேரத்தில் பெரும்பாலான வார நாட்களில் மாலை ஆராதனை நடக்கும், ஐந்தரை வாக்கில், ஞாயிறில் அதற்கு முன்பே. அன்றைய நேரத்தை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கிடையாது, வழிபாட்டுக்கு வந்திருக்கிறோம் என்று வாசலில் சொன்னால் போதும், எந்த மதத்தவரும் உட்காரலாம். பாடகர் குழு முக்கால் மணி நேரம் பாடும். மற்றவர்கள் எழும்போது எழுந்து உட்காரும்போது உட்கார்ந்தால் சரி. போட்டோ எடுக்கக் கூடாது, நடுவில் எழுந்து போகவும் கூடாது, சின்னக் குழந்தை இருந்தால் ஓரத்தில் உட்காருங்கள். கையில் காசு இல்லாத மாணவர்கள் பகல் டிக்கெட்டை விட்டுவிட்டு இதற்கு மட்டும் வந்தாலும் உள்ளே இருந்து பார்த்த மாதிரி ஆயிற்று, சுற்றி நடக்க மட்டும் விடமாட்டார்கள்.

அப்புறம் நேரம் இருந்தால் ஊஸ் ஆற்றங்கரையில் கிங்ஸ் ஸ்டெய்த் பக்கம் நடந்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகலாம். மழைக்காலத்தில் ஆறு படித்துறையை மூழ்கடித்துவிடும். அங்கே இருக்கும் மதுக்கடையில் எந்த வருஷம் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று உள்ளேயே குறித்து வைத்திருக்கிறார்கள், சில கோடு உங்கள் தலைக்கு மேலே இருக்கும்.

இன்னொரு நாள் கிடைத்தால்

ஸ்டேஷனுக்குப் பின்புறம் தேசிய ரயில் அருங்காட்சியகம், நுழைவு இலவசம். 1938-ல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களில் உலக சாதனை செய்த மல்லார்டு அங்கேதான் நிற்கிறது, ஜப்பானின் பழைய புல்லட் ரயில் பெட்டியும் இருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் இதற்கே அரை நாள் வையுங்கள். யோர்விக் வைக்கிங் மையத்துக்கு முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள், பள்ளி விடுமுறையில் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பழைய வைக்கிங் தெருவைச் சாணி நாற்றம் உட்பட அமைத்து வைத்திருக்கிறார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வைக்கிங்கின் 20 சென்டிமீட்டர் மலம்கூட இருக்கிறது, பையன்கள் அதைவிட்டு நகரமாட்டார்கள்.

கிளிஃபோர்ட்ஸ் டவருக்குப் போனால் மேட்டில் ஏறுமுன் அடிவாரத்தில் இருக்கும் கல்வெட்டைப் படியுங்கள். 1190-ல் கும்பலுக்குப் பயந்து இங்கே ஒதுங்கிய சுமார் 150 யூதர்கள் செத்துப்போன இடம், பலர் பிடிபடுவதைவிடத் தங்கள் கையாலேயே சாவது மேல் என்று முடிவெடுத்தார்கள். அப்போது இருந்தது மரக்கோபுரம், இப்போது நிற்கும் கல் கோபுரம் அதற்கடுத்த நூற்றாண்டில் கட்டியது. 2022-ல் மேலே மரத்தளம் போட்டுத் திறந்திருக்கிறார்கள், மின்ஸ்டரின் 275 படி முடியாதவர்கள் ஊரை உயரத்திலிருந்து பார்க்க இதில் ஏறலாம், படிகள் குறைவு.